வாடைக்காலத்துக் கொடுவாவும் பொய்யிரைத் தூண்டிலும்

மார்கழி பிறந்து வாடை முழங்கத் தொடங்கியதும் வெருகல் முகத்துவாரத்திலே தூண்டிலிடுவோர் தொகை சுருங்கிவிடுகின்றது. கடல் கொந்தளிக்கின்றது, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன, ஆறு கலங்கிக் கரைபுரண்டு வருகின்றது. ஆவணித் திருவிழாவுக்குச் சித்திரவேலாயுதர் சந்நிதியை நாடி வருவோர் காணும் வெருகலாறு வேறு. இம்மாதத்து வெருகலாறு வேறு. "மாரியிலே கொடுவா கடிக்காது" என்பது இக்கரையில் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பு முழுதும் பொய்யன்று. முழுதும் மெய்யும் அன்று. மீன் அங்கேதான் உள்ளது. அது கடியாமைக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தார்க்கு அதனைக் கடிப்பிக்கும் வழியும் உண்டு. காரணத்தையும் வழியையும் எம்மால் இயன்றவரை விளக்குதற்கே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

தமிழாசிரியனுக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் செய்வர் என்பதை யாம் அறிவோம். வேற்றுமைத்தொகை விரிந்துகொண்டிருக்கையிற் கடைசி வாங்கில் அமர்ந்து, சாளரத்தின் வழியே கடலை நோக்கியிருந்தோரே அவருட் பலர். ஆதலால் அவர் எம்மைப் பொறுத்தருள்வர். ஆயினும் இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரையன்று. ஐப்பசி முதல் தை ஈறாக உள்ள மாதங்களே எம் பகுதிக் கடற்றொழிலாளர் வீடுகளில் அடுப்புத் தளரும் காலம். கடலுக்குப் போக இயலாது. ஆற்றிலே வலை விரிப்போம் எனின், வெள்ளம் அள்ளிவரும் மரக்கட்டையும் சல்வீனியாவும் ஓரிரவில் வலையைக் கிழித்துவிடும். பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கவேண்டிய நாட்களும் அந்நாட்களையே ஒட்டி வருகின்றன. ஒரு கோலும் ஒரு நூலும் மாத்திரம் உடையான் ஒருவன் அக்காலத்தில் நல்ல கொடுவா ஒன்றைக் கரைசேர்ப்பானாயின், அவ்வீட்டின் சில நாட் செலவு ஒருவாறு கழிந்துவிடும்.

இன்னும் ஒன்று கூறவேண்டும். 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது. 2006 ஆம் ஆண்டுப் போரில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளின் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் வீட்டை மீளக் கட்டினர்; சிலர் வள்ளத்தையும் மீளப் பெற்றனர். எந்தக் குழியில் எந்த மாதம் மீன் ஒதுங்கும் என்று தோணியில் அழைத்துச்சென்று காட்டித்தரும் முதியோர் எல்லாரும் திரும்பி வரவில்லை. முதுசொம் என்பது காணியும் நகையும் மாத்திரமன்று. முகாமிலே வளர்ந்த இளைஞன் ஒருவன் மாரியிலே மீனில்லை என்று சொல்வானாயின், அவன் கண்டு சொன்னதன்று அது, காட்டுவாரில்லாமையாற் சொன்னது.

இனி மீனைப் பற்றிச் சிறிது காண்போம். கொடுவா என்னும் பெயர் கொடுவாய் என்பதன் தேய்வு என்றே யாம் கருதுகின்றோம். கொடு என்பது வளைவு. மேற்றாடை கண்ணுக்கும் அப்பால் நீண்டு சரிந்திறங்கும் அவ்வாயைக் கண்டார் பெயர்ப்பொருத்தத்தை மறுக்கமாட்டார். சிங்களத்தில் இதனை மோதா என்பர்; அவுஸ்திரேலியர் பரமுண்டி என்பர். 1790 ஆம் ஆண்டில் புளோக் என்னும் சேர்மானிய அறிஞர் இட்ட இலத்தீன் பெயரின் ஈற்றுச்சொல் 'குதிமுள் தாங்கி' எனப் பொருள்படும். அம்முள் செவுளை மூடும் தகட்டின் ஓரத்தில் உள்ளது. அதனாற் கை கிழிந்தார் நம் கரையிலே பலர் உளர். பல்லோ எனின் அரத்தாள்போலச் சொரசொரப்பானதேயன்றிக் கூரியதன்று. ஐந்தடிக்கு மேலும் வளரவல்ல இம்மீன் உவர்நீரிற் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆற்றிலும் வில்லுகளிலும் ஏறி வளர்ந்து, முட்டையிடும் பொருட்டு மீண்டும் முகத்துவாரத்துக்கு இறங்கும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும். இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. இறுதியில் இதனிடம் வரவேண்டியிருக்கும்.

மாரிகாலத் தூண்டில் வித்தையை ஒரு கலையாகவே வளர்த்தவர் வட அமெரிக்கர். அவர் பிடிப்பது பாஸ் என்னும் மீன். அது நம் நாட்டதன்று. அவற்றுட் சிறந்ததாகிய பெருவாய்ப் பாஸ் ஒன்று, 22 இறாத்தல் 4 அவுன்சு நிறையுடையது, 1932 ஆம் ஆண்டு சோர்சியா மாநிலத்திற் பிடிபட்டது. அதனை வெல்லுதற்கு எழுபத்தேழு ஆண்டு முயன்றும், 2009 ஆம் ஆண்டு யப்பானின் பிவா ஏரியிற் பிடிபட்ட ஒன்று அதற்கு நிகராயிற்றேயன்றி விஞ்சியதாகக் கொள்ளப்படவில்லை. பாசுக்கும் கொடுவாவுக்கும் குலத்தால் நெருங்கிய உறவில்லை. தொழிலால் உறவு உண்டு. இரண்டும் மரவேரின் கீழும் கல்லிடுக்கிலும் மறைந்திருந்து, அருகே வருவதை ஒரே பாய்ச்சலில் வாய்திறந்து உறிஞ்சி விழுங்குவன. ஆதலின் அங்குக் கண்டதை இங்குப் பொருத்திப் பார்த்தல் தகும்.

மீனுக்குத் தனக்கென உடற்சூடு இல்லை. நீர் எவ்வளவு வெம்மையோ அவ்வளவே அதன் குருதியும். பத்துப் பாகை தணியுமாயின் உடலின் இயக்கம் ஏறக்குறைய அரைவாசியாகும் என்பது உயிரியலாரின் கைக்கணக்கு. இயக்கம் குறையச் செரிமானமும் குறையும், முந்தாநாள் விழுங்கியது இன்றும் வயிற்றிற் கிடக்கும், பசி எழாது. அந்நிலையில் ஓர் இரையைத் துரத்திச் செல்லும் மீன், பெறுவதிலும் கூடுதலாகச் செலவழிக்கும் வணிகனை ஒக்கும். எனவே அது துரத்தாது. ஆயின் வாயருகே மெல்ல வந்து நிற்பதை விட்டுவிடவும் மாட்டாது. மாரிகாலத் தூண்டிலின் சூத்திரம் இதுதான். மற்றெல்லாம் இதன் உரை.

அமெரிக்க ஏரிகளில் நீர் பத்துப் பாகைக்கும் கீழே தணியும். வடக்கே மேற்பரப்பு உறைந்தும் போகும். நீர் நான்கு பாகையிலேயே மிகுந்த கனமுடையதாதலின், மேலே பனிக்கட்டியும் அடியிலே நான்கு பாகை நீருமாக ஏரி கிடக்கும். பாஸ் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்குள்ளோர் ஈயத்தலைத் தூண்டிலை அடித்தரையோடு அங்குலம் அங்குலமாக நகர்த்துவர். அல்லது மிதவாமலும் தாழாமலும் இடைநீரில் நிற்கும் சிறுமீன் உருவம் ஒன்றை ஒருமுறை அசைத்து, அப்படியே நிற்கவிட்டுப் பத்தும் இருபதும் எண்ணுவர். கோடையிலே விரைவாக இழுத்தவரே மாரியிலே நிறுத்திக் காத்திருக்கின்றனர்.

வெருகலிலே குளிர் எங்கே என்று கேட்பார்க்கு விடை கூறவேண்டும். திருகோணமலைக் கடல்நீர் சித்திரை, வைகாசியில் ஏறக்குறைய 29, 30 பாகை சதமவளவையில் நிற்கும். தையிலே ஏறக்குறைய 26 பாகைக்கு இறங்கும். வேறுபாடு மூன்று நான்கு பாகையே. ஆயின் கொடுவா வெப்பமண்டலத்து உயிர். அது நன்கு உண்டு வளர்வது 26 முதல் 30 பாகை வரையில். 20 பாகையளவில் இரைகொள்ளுதல் பெரிதும் குன்றிவிடும் என்று மீன் வளர்ப்போர் கண்டிருக்கின்றனர். ஆகவே நமக்குக் குளிராகத் தோன்றாத அச்சிறு தணிவே அதனைத் தன் சுகத்தின் கீழெல்லைக்குத் தள்ளிவிடுகின்றது. அதன்மேல் ஆற்றுவெள்ளமும் சேர்கின்றது. வெருகலாறு மகாவலியின் கிளை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவரும், இத்தீவின் மிக நீண்ட ஆறு. அதன் தலைப்பகுதியாகிய நுவரெலியா மேட்டு ஓடைகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். ஒரே ஆற்றின் தலையிலே குளிர்நீரன்றி வாழாத மீனும், வாயிலே குளிர்நீரில் ஒடுங்கும் மீனுமாக இருப்பது எமக்கு என்றும் வியப்பையே தருகின்றது. மலைக்குளிர் வழியிலேயே தீர்ந்துபோகும். ஆயினும் முகில் மூடிய வானத்தின் கீழ் வெயிலைக் காணாது வரும் மாரிவெள்ளம், கோடைநீரினும் தண்ணியதே.

இங்கேதான் அமெரிக்க ஏரிக்கும் எம் முகத்துவாரத்துக்கும் பெரியதொரு வேறுபாடு தோன்றுகின்றது. ஏரியிலே நன்னீர் மாத்திரமே உண்டு. இங்கு இருநீர் உண்டு. ஆயிரம் கிலோ நன்னீர் கொள்ளும் கலத்தில் கடல்நீரை நிரப்பின் ஏறக்குறைய ஆயிரத்து இருபத்தைந்து கிலோ நிறுக்கும். ஆதலின் வெள்ளம் மேலே பரந்தோட, உவர்நீர் ஆப்பு வடிவாக அடியிலே நுழைந்து கிடக்கும். வங்காள விரிகுடாவின் வடபாகத்திலே மாரிகாலத்தில் மேலே குளிர்ந்த நன்னீர்த் தன்மையான நீரும், அடியிலே அதனினும் வெதுவெதுப்பான உவர்நீரும் நிற்பதைக் கடலாய்வார் அளந்திருக்கின்றனர். கடலிற் பெரிதாக நிகழ்வது முகத்துவாரக் குழியிற் சிறிதாகவும் நிகழக்கூடும் என்று கருதி, மாணவர் சிலரோடு ஒரு பரிசோதனை செய்தோம். சோடாப் போத்தல் ஒன்றின் அடியில் ஈயம் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையைத் தனி நூலிற் பிணித்துக் குழியில் இறக்குதல். அடியைத் தொட்டதும் தக்கையை வெடுக்கென்று இழுத்தல். நிறைந்த போத்தலை மேலே எடுத்தல். இவ்வளவுதான் கருவி. பெருவெள்ளம் பாயும் நாளில் எங்கும் ஒரே கலங்கல் நன்னீரே கிடைத்தது. வெள்ளம் தணிந்து நான்கைந்து நாட் கழிந்தபின் எடுத்தபோதோ, மேல்நீர் சப்பென்றிருக்க அடிநீர் நாவிற் கரித்தது. கையில் ஊற்றியபோது மேல்நீரிலும் வெதுவெதுப்பாயிருந்ததை மாணவர் எல்லாரும் உணர்ந்தனர். விஞ்ஞான ஆசிரியர் வெப்பமானி இல்லாத பரிசோதனையை ஏற்கமாட்டார் என்பதை அறிவோம், மீன் ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து பெறப்படுவன சில. அதிகாலையே தூண்டிலுக்கு உகந்த வேளை என்பது கோடைக்குரிய விதி. மாரியிலே காலைப்பொழுதிற் கொடுவா ஆழ்குழியின் அடியிலே ஒடுங்கிக் கிடக்கும். பகல் ஒரு மணி தொடக்கம் நான்கு மணி வரையும், அதுவும் மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் எறித்த பின், கரையோரத்துக் கருஞ்சேற்றுத் திடல்கள் சூடேறும். கருநிறம் வெயிலை உண்ணும் என்பதை விளக்கவேண்டியதில்லை. வாடையிலே கறுப்புக்குடையின் கீழ் நின்றார் அறிவர். அப்பொழுது கொடுவா முழங்காலளவு நீருக்கும் ஏறி வரும். காற்று ஓங்கி அடிக்கும் நாளாயின், வெயிலிற் காய்ந்த மேல்நீர் காற்றுப்போகும் பக்கத்துக் கரையிலே சென்று ஒதுங்கும். அக்கரையே அன்றைய நாளுக்குரிய கரை.

இடத்தைத் தெரிதலில் வெள்ளமே வழிகாட்டி. வில்லுகளிலும் வயல்களிலும் ஏறிய நீர், ஆறு தணியத் தணியச் சிற்றோடைகள் வழியாக வடியத் தொடங்கும். அந்நீரோடு மடவைக் குஞ்சும் இறாலும் பொடிமீனும் அடித்துவரப்படும். ஓடைவாயின் ஒருபுறத்தே நீர் சுழன்று நிற்கும் மூலையிற் கொடுவா காத்திருக்கும். தான் நீந்தவேண்டியதில்லை, இரை தானே வரும். நம் கரையில் வற்றுப்பெருக்கு இரண்டடியளவே ஆயினும், வற்று நேரத்தில் அவ்வடிச்சல் விரைவுபெறும். கலங்கல்நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோடு ஒன்று சிலவேளை ஆற்றின் நடுவே துலக்கமாகத் தெரியும். அக்கோட்டை மதில்போலக் கருதுக. மீன் மதிலின் நிழலில் நின்று தெளிந்த பக்கத்தை நோக்கியிருக்கும். ஒன்றை மறவாதீர். மாரிவெள்ளத்தில் முதலைகளும் இடம்பெயரும். ஓடைவாயை அவையும் அறியும். நீரில் இறங்கி நின்று எறிதல் கூடாது. கரைவிளிம்பிற் குந்தியிருந்து கை கழுவுதலும் கூடாது.

உயிரிறாலைக் கோத்து இடுதல் எளிதாயிருக்கப் பொய்யிரை எதற்கு என்று சிலர் வினவுவர். வெள்ளத்திலே இறால் பிடித்து உயிரோடு வைத்தல் அரிது; செத்த இரையை இட்டாற் கலங்கல் நீரிற் கெளிறுதான் முந்திக்கொள்ளும். பொய்யிரைக்கு அவ்விடர்ப்பாடில்லை. அன்றியும் தூண்டில் என்னும் சொல்லே தூண்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. உணவூட்டுதல் அதன் பொருளன்று. மீன்பிடிப் பூனை நீர்ப்பரப்பை முன்காலால் மெல்லத் தட்டி மீனை மேலே வரச்செய்யும் என்பர். வெருகு என்பது காட்டுப்பூனைக்குப் பழந்தமிழ்ப் பெயர். எம் ஊர்ப்பெயர் அதனால் வந்ததென்று யாம் சாதிக்கவில்லை. நினைத்து மகிழ்கின்றோம், அவ்வளவே.

மேனாட்டிலே பொய்யிரை பெருவழக்கானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். யூலியோ பியூல் என்னும் அமெரிக்கர் ஏரியிற் கரண்டி ஒன்றைத் தவறவிட, அது சுழன்று மின்னித் தாழ்வதைப் பெருமீன் ஒன்று பாய்ந்து கவ்வியதைக் கண்டார் என்பது கதை. 1852 ஆம் ஆண்டில் அவர் கரண்டித் தூண்டிலுக்கு உரிமைப்பத்திரம் பெற்றது வரலாறு. பின்லாந்திலே லவுரி ரபாலா என்னும் ஏழை மீனவர், கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் நோய்மீனையே பெருமீன் தெரிந்தெடுக்கின்றது என்று கண்டு, 1936 ஆம் ஆண்டில் தக்கையிற் சிறுமீன் ஒன்று செதுக்கினார். மினுக்கத்துக்குச் சொக்கிலேற்றுச் சுற்றிய ஈயத்தாள்; நீர் புகாமைக்கு உருக்கிய புகைப்படச் சுருள். செல்வத்தால் அன்றிக் கவனத்தாற் பிறந்த கருவி அது. நம் வள்ளுவனாரும் சூதினைக் கடியும் அதிகாரத்தின் முதற் குறளிலே, சூதில் வென்ற பொருளுக்குத் தூண்டிலின் பொன்னை விழுங்கிய மீனை உவமை கூறினார். பொன் என்பது இங்கு இரும்பு என்றும், அது இரையால் மறைக்கப்பட்டது என்றும் பரிமேலழகர் கொண்டார். உரை சிறந்ததே. ஆயினும் மின்னும் உலோகத்தையே இரையென்று மயங்கி விழுங்கும் மீனைக் கண்ட பின், அச்சொல்லுக்கு மற்றொரு நயமும் உண்டோ என்று யாம் ஐயுறுவதுண்டு.

கடையில் விற்கும் பொய்யிரை விலைகூடியது. வேரிலே சிக்கி அறுந்தால் ஒருநாட் கூலி போயிற்று. ஆகவே செய்துகொள்ளும் முறையைச் சொல்வோம். காய்ந்த முள்முருக்கங் கட்டை மென்மையும் இலேசும் உடையது. விரல் நீளத்தில் மடவைக் குஞ்சின் வடிவாகச் செதுக்குக. மாரியிலே விரலினும் பெரிதாகச் செதுக்கவேண்டாம். அசைவு குறைந்த மீன் பெரிய இரையோடு மல்லுக்கு நிற்க விரும்பாது. நடுவே உருக்குக்கம்பி ஒன்றை முன்னிருந்து பின்வரை ஊடுருவச்செய்து, அதிலேயே கொளுக்கிகளை மாட்டுக. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் போர்த்து, நகப்பூச்சு மூன்று முறை பூசி உலர்த்துக. முகத்தின் கீழே பழைய இறுவட்டின் துண்டொன்றை நாக்குப்போலச் செருகின், இழுக்கும்போது உடல் நெளியும். நிறத்தைப் பற்றி நீண்ட வாதம் உண்டு. கலங்கல்நீரிற் கறுப்பும் பொன்னிறமும் நன்று, கறுப்பு உருவாகவும் பொன் மினுக்கமாகவும் தெரிதலின். மற்றை நிறங்கள் மீனைக் காட்டிலும் வாங்குவோரையே பிடிக்கும்.

அடுத்து வருவதே அருமையான பகுதி. இங்கு அவசரம் கூடாது. செய்த உருவம் மிதக்கும். கொளுக்கியின் தண்டிலே மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றுக. நீரில் இட்டுப் பார்க்க. இன்னும் ஒரு சுற்று, மீண்டும் பார்க்க. மிதவாமலும் தாழாமலும் நின்ற நீரிலே நின்றால் அதுவே அளவு. எந்த நீரிற் பார்ப்பது? வீட்டுக் கிணற்று நீரில் அசையாது நின்ற உருவம் உவர்நீரில் மேலெழும். கடல்நீரில் நின்றது வெள்ளநீரில் தாழும். அந்த இருபத்தைந்து பங்கு வேறுபாடு போதும். எனவே எறியப்போகும் இடத்து நீரை வாளியில் மொண்டு, அதிலேயே நிறைபார்க்க. நன்னீரில் மிக மெதுவாகத் தாழும்படி வைத்த உருவம், இருநீரும் பொருந்தும் மட்டத்தை அடைந்ததும் தாங்குவாரின்றித் தானே நிற்கும். அவ்வெல்லைக்குக் கீழேதான் வெதுவெதுப்பான நீர், அங்கேதான் மீன். அமெரிக்க நூல்களில் யாம் காணாத நன்மை இது. இருநீர் உடைய முகத்துவாரம் எமக்குத் தந்த கொடை.

எறிந்தபின் உடனே இழாதீர். நீரில் எழுந்த வளையங்கள் அடங்கட்டும். கோல்நுனியை ஒரு சாண் அசைத்து உருவத்தைத் தாழச்செய்க, பின் நிறுத்துக. எவ்வளவு நேரம்? கோடையில் மூன்று நொடி. மாரியிற் பதினைந்து இருபது. இளைஞர்க்கு இவ்வளவு பொறுமை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாற் கண் நூலைவிட்டு அகலும். ஆதலால் யாம் ஓர் உபாயம் கற்பித்தோம். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் அகரந் தொடங்கி ஔகாரம் ஈறாக மனத்துள்ளே அளவு பிசகாது சொல்லுக. குறில் ஐந்து, நெடில் ஏழு. ஆகப் பத்தொன்பது மாத்திரை. முடிந்தபின் கோல்நுனியை மீண்டும் ஒரு சாண் அசைக்க, மீண்டும் அகரம். இரைநிற்கும் நேரம் எழுத்துக்கு எழுத்து நீளுதலை உணர்ந்த மாணவர், குறில் நெடில் வேறுபாட்டையும் அன்றே உணர்ந்தனர் என்பது எமக்குக் கிடைத்த ஊதியம்.

கோடையிலே ஓரிடத்தில் இரண்டு மூன்று முறை எறிந்து, கடியாவிடின் அப்பாற் போவர். மாரியிலே அது பிழை. ஒடுங்கிக் கிடக்கும் மீன் முதல்முறை காணும்; மூன்றாம் முறை திரும்பிப் பார்க்கும்; பத்தாம் முறை சினங்கொள்ளும். நல்ல மூலை என்று தெரிந்தால் அங்கேயே எறிந்துகொண்டிருத்தல் வேண்டும். ஆழ்குழியாயின் இவ்வுருவம் பயன்படாது. ஈயத்தலையிற் கோத்த இறப்பர் இறாலே அதற்குத் தக்கது. அது தரையைத் தொடும்வரை நூலை விடுக, ஒரு சாண் இழுக்க, சிறிது சேறு புகைபோல எழும், நிறுத்துக. சேற்றைக் கிளறி ஒளியும் இறாலின் செய்கையே அது. கலங்கலிலே கண் காணாததை மீனின் பக்கக்கோடு உணரும். நீரின் மெல்லிய அதிர்வும் அதற்கு எட்டும்.

கடியும் வேறாகவே இருக்கும். கோடையிற் கொடுவா கவ்வும் ஓசை இருளிலும் 'டொப்' என்று கேட்கும், கோல் வளைந்துவிடும். மாரியில் அப்படியன்று. நூல் சற்றே தளரும். அல்லது காற்றில்லாமலே ஒருபக்கம் நகரும். அல்லது பாசி சிக்கியதுபோல ஒரு கனம் தோன்றும். பெரும்பாலும் அது நிறுத்தத்தின்போதே நிகழும். அதனாலேதான் கண்ணை நூலிலிருந்து எடுக்கலாகாது என்றோம். கனம் தோன்றியதும் வெட்டி இழுத்தல் ஆகாது. உருவம் வாயிலிருந்து நழுவிவிடும். நூலின் தளர்வைச் சுற்றியெடுத்து, கோலை அழுத்தமாக மேலே தூக்குக. பின்னர் அது வேரை நோக்கி ஓடும். ஓடவிடாமற் பக்கவாட்டில் இழுக்க. செவுள்மூடியின் குதிமுள் நூலை அறுக்குமாதலின், கொளுக்கிக்கு மேலே ஒரு பாகம் நீளத்துக்குத் தடித்த தங்கூசி கட்டியிருத்தல் இன்றியமையாதது. கதிரவெளியில் வாழும் பழைய மாணவர் ஒருவர், இப்போது இம்முறையாலேயே மார்கழியில் வீட்டுச் செலவை ஓட்டுகின்றார். ஒரு கிழமையில் இரண்டு மூன்று மீன், அதற்கு மேல் இல்லை. இது வலைக்கு மாற்றன்று என்பதையும் கூறிவிடவேண்டும்.

இனி முன்னர் மனத்தில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். இரண்டடிக் கொடுவா பெரும்பாலும் ஆண். ஏறக்குறைய மூன்றடியைத் தாண்டியது பெரும்பாலும் பெண். அதுவும் ஒருகாலத்தில் ஆணாயிருந்து, ஆறேழு ஆண்டு தப்பிப் பிழைத்துப் பெண்ணானது. அத்தகைய பெருந்தாய் ஒன்று ஒரு பருவத்திற் கோடிக்கணக்கான முட்டைகளை இடவல்லது. பல நாடுகளில் மழைப்பருவத்தை ஒட்டி, அமாவாசை பௌர்ணமிகளை அடுத்து முகத்துவாரத்திலேயே இடும். மாரிவெள்ளத்தின் பின் ஓடைவாயில் நிற்கும் பெருமீன் நாளைய முகத்துவாரத்தின் வித்து. இருபது இறாத்தல் மீனைப் பிடித்துவிட்டு, அடுப்பெரியாத வீட்டை நினைத்து நிற்பவனிடம் "அதை விட்டுவிடு" என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அவனுக்குச் சொல்லவும் மாட்டோம். சம்பளம் பெற்று, விடுமுறைக்கு வந்து, விளையாட்டாகக் கோலெறியும் எம்போன்றோர்க்குச் சொல்கின்றோம். இரண்டடி மீனே உண்ணுதற்கும் சுவையானது. பெரியதன் தசை முரடு.

விடுவோர் இங்ஙனம் விடுக. கையை முதலில் நீரில் நனைக்க; உலர்ந்த கை அதன் வழுவழுப்பைத் துடைத்துவிடும். தாடையிற் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குதல் கூடாது. அந்நிறையைத் தாங்கும்படி அதன் முதுகெலும்பு அமைந்ததன்று. நீண்ட பிடியுள்ள கோருவலையில் நீரை விட்டெடாது வைத்தபடியே குறட்டினாற் கொளுக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிச் சிறிதுநேரம் தாங்கிநிற்க. குளிர்நீரில் உயிர்வாயு கூடுதலாகக் கரைந்திருக்குமாதலின் மாரியிலே அது விரைவில் தெளியும். முதலிற் செவுள் விரியும். பின் வால் ஒருமுறை அசையும். மூன்றாம் அசைவில் நம் முகத்தில் நீரை வாரியடித்துவிட்டு ஆழத்துக்குப் போய்விடும்.